டெக்டின்-1
பூஞ்சைகளின் செல்சுவரிலுள்ள பீட்டா-குளுக்கான் என்னும் சர்க்கரைத் தொடரை இனங்காணும் ஏற்பிப் புரதம். உள்ளார்ந்த நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தது. சி-வகை லெக்டின் குடும்பத்தில் அடங்கும். மேக்ரோபேஜ், நியூட்ரோபில், டென்ட்ரைட்டிக் செல் ஆகியவற்றின் மேற்பரப்பில் அமைந்துள்ளது. கேண்டிடா அல்பிகான்ஸ் ஈஸ்ட்டில் குளுக்கானை மேலடுக்கான மன்னான் பெரிதும் மறைத்துவிடுகிறது. மொட்டு பிரிந்த தழும்புகளில் மட்டும் அது வெளித்தெரியும், ஏற்பி அங்கேயே பற்றுகிறது. பற்றியதும் சிக் நொதி, கார்டு-9 புரதம் வழியாகச் சமிக்ஞை சென்று அழற்சிப் புரதங்கள் சுரக்கின்றன. செல் பூஞ்சையை விழுங்கி, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களால் தாக்குகிறது. குளுக்கான் ஏற்பியாக இதை 2001இல் கார்டன் பிரவுன், சியாமன் கார்டன் இருவரும் அடையாளங்காட்டினர். இதன் மரபணுக் குறைபாடு, நகம், சளிச்சவ்வு ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் வரும் பூஞ்சைத் தொற்றுடன் தொடர்புடையதென 2009இல் அறியப்பட்டது. கார்டு-9 குறைபாடு இன்னும் கடுமையானது. மூளைவரை தொற்று பரவக்கூடும்.