மலை வண்டுகளின் பூர்வீகம்

தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு நமக்குத் தெரிந்ததுதான். நல்லாப் பறக்கும், அதனால் இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை உண்டு. ஆனால் ராஜபாளையம், திருவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கிறதே மேற்குத் தொடர்ச்சி மலை, உலகில் வேறெங்கும் காணாத வண்டுகளும் அதில் உண்டு. அவை எப்படி வந்தன?

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் நிலம் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது. வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. சில வண்டு வம்சங்கள் நிலத்தோடு வந்தவை, மற்றவை பிற்பாடு ஆசியாவிலிருந்து குடியேறியவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பிறகு பருவநிலை வறண்டது. ஈரக் காடுகள் மலை உயரங்களுக்கு ஒதுங்கின. ஒவ்வோர் உச்சியும் ஒரு தீவு மாதிரி ஆயிற்று. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் குறுக்கே கிடந்தன. பறக்கிற வண்டு தாண்டிப் போகும். பறக்காதது என்ன செய்யும்? இருந்த இடத்திலேயே பெருகி, நாளாவட்டத்தில் தனி இனமாகிவிடும். இம்மலைத்தொடரில் வாழும் ஓக்கிகாந்தான் என்ற சாணி வண்டுப் பேரினத்தில் பறக்காத இனங்கள் இருப்பதை 2011இல் வெளியான ஆய்வு எடுத்துச் சொல்கிறது.

சாணி வண்டு சாணத்தை மண்ணில் புதைத்து உரமாக்குகிறது. அதிலுள்ள விதையையும் புதைக்கிறது. காட்டுக்கு அதுதான் உழவன். அந்தக் காடு பிடித்து வைக்கும் மழைநீர்தான் ஓடையாக இறங்கி நம் கண்மாய்க்கு வருகிறது.

இங்கே 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021இல் புலிகள் காப்பகமும் அமைந்தன. ஆனாலும் கோடையில் அடிவாரத்துச் சருகுக்கு வைக்கிற தீ மேலே ஏறிவிட்டால், பறக்காத வண்டு எங்கே ஓடும்? அழிந்தால் கொண்டுவர வேறு ஊர் கிடையாதுங்க. ஆகவே மலையோரத் தோட்டக்காரர்கள் சருகை எரிக்காமல் குழியிலே போட்டு மக்க விடுங்கள்; உங்களுக்கும் உரமாச்சு.