திருமணியில் ஒரு கைகுலுக்கல்

முட்டுக்காட்டுக் கழியில் நீர் வடியும் வேளைகளில் இருளர் குலப் பெண்டிர் சேற்று நீருக்குள் அமர்ந்தவாறே நகர்ந்து, கைகளால் துழாவி இறால் பிடிப்பதை நம் வட்டத்து அன்பர்கள் பலரும் பாலத்தின் மேல் நின்று பார்த்திருப்பர். ஓலைக் கூடையின் விளிம்பைப் பற்களால் கவ்விக்கொண்டு இரு கைகளையும் நீருக்குள் விட்டிருப்பர். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை இல்லை, விரல்களே பார்க்கின்றன. இறால் எது, கிளிஞ்சல் எது, கல் எது என்பதை விரல் நுனி அறியும். கெளுத்தி மீனின் முள் தைத்துவிட்டாலோ, 'ஐயோ' என்னும் சொல் வாய்க்கு வருமுன் கை நீருக்கு மேலே வந்துவிடும்.

அவ்வாறு தானே விலகிக்கொள்ள அறியாத கை எப்படியிருக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடப்பட்ட ஊர்களுள் ஒன்று இக்கழியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. திருப்போரூர் வழியே செங்கற்பட்டுக்குச் சென்றால் நகரை அடுத்து இருக்கிறது திருமணி.

மலர்க் குழுவினர் என்னிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை ஒன்று. அதைவிடுத்து நரம்பைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டுக் கவியரங்கில் நான் ஒரு கவிதை படித்தேன். ஊழலைப் பெருநோயாக உருவகித்து, அழுகி உதிரும் விரல்களை அடியடியாக அடுக்கியிருந்தேன். கைதட்டலுக்குக் குறைவில்லை. கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் அருகே வந்து தம் வலக்கையை நீட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்நோக்கி மடங்கியிருந்தன; சுண்டு விரலின் நுனியைக் காணோம். இளமையில் திருமணியில் இருந்து மருத்துவம் பெற்றவராம். "விரல் தானா உதிராதும்மா. சுட்டது எனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். சினமில்லாமல்தான் சொன்னார். முனைவர் பட்டம் பெற்றிருந்த எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். யாழில் கட்டியதும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் முதிய தாயின் தோளில் எழுந்து தோன்றுவதும் நரம்பே. காக்கைபாடினியார் நச்செள்ளையார் கண்டது குருதிக் குழாய்களை என்றே கொள்ளலாம். நம் புதுக்கவிஞர்கள் சினத்தில் புடைக்கவிடும் நரம்புகளும் அவையே. 'நரம்பில்லா நாக்கு' என்று பழிக்கிறோம். மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் ஐந்து இணைகள் நாக்குக்கு வந்து சேர்கின்றன என்று உடற்கூற்று நூல் கூறுகிறது! மருத்துவர் நரம்பு என்பது இவ்வைந்தையும், இவை போன்றவற்றையும்தான். மூளையிலிருந்து 12 இணை, தண்டுவடத்திலிருந்து 31 இணை எனக் கிளைத்து, விரல் நுனிவரை பரவியிருப்பது புற நரம்பு மண்டலம். வெண்ணிறக் கயிறு போன்ற அது தோலின் மேல் புடைத்துத் தெரிவது அரிது. அவ்வாறு தெரிந்தால் பெரும்பாலும் அது நோயுற்ற நரம்பு. தொழுநோயில் காதின் கீழே கழுத்தில் ஓடும் நரம்பு தடித்துக் கண்ணுக்கே புலப்படும்.

இந்நரம்புகளில் செய்தி இரு திசையிலும் செல்கிறது. உணர்ச்சியைக் கொண்டுவரும் இழைகள் தண்டுவடத்தின் பின்வேர் வழியே நுழைகின்றன. தசைக்கு ஏவலைக் கொண்டுசெல்லும் இழைகள் முன்வேர் வழியே வெளியேறுகின்றன. 1811இல் சார்லசு பெல்லும் 1822இல் பிரான்சுவா மாழான்டியும் செய்த ஆய்வுகளால் இப்பிரிவு விளங்கியது. கெளுத்தி முள் தைத்த செய்தி கழுத்தின் அடிப்பகுதியில் தண்டுவடத்தை அடைந்து, அங்கேயே இடை நரம்பணுக்கள் வழியாக முன்வேருக்கு மாற்றப்பட்டு, கையை இழுக்கும் தசைகளுக்குத் திரும்பிவிடுகிறது. மூளைக்கும் ஒரு செய்தி போகிறதுதான். அது போய்ச் சேரும்போது கை விலகத் தொடங்கியிருக்கும். இதுவே அனிச்சைச் செயல். இதனை விரிவாக ஆராய்ந்து 1932இல் நோபெல் பரிசு பெற்ற சார்லசு செரிங்டன் 1925இல் கவிதைத் தொகுப்பும் வெளியிட்டவர் என்பது நம் வட்டத்தார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனித் திருமணி. சென்னை மாகாண ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் துணைவியார் பெயரால் 1920களில் அங்கே தொழுநோயாளர் இல்லம் அமைந்தது. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இலேயே இந்நோயின் நுண்ணுயிரைக் கண்டிருந்தார். ஆயினும் கொடுப்பதற்கு நீரடிமுத்து எண்ணெயைத் தவிர வேறு மருந்தில்லை. நம் சித்த மருத்துவர் அறிந்த அதே எண்ணெயைத்தான் மேனாட்டாரும் ஊசியில் ஏற்றினர். 1898ஆம் ஆண்டுச் சட்டமோ நோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க வழி செய்திருந்தது. திருமணியோடு நெடுநாள் தொடர்புடைய இராபர்ட் காக்ரேன் என்னும் தோல் மருத்துவர் 1940களின் பிற்பகுதியில் டாப்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர்.

அக்காக்ரேனின் அழைப்பை ஏற்று 1947இல் அங்கு வந்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, ஒன்பது அகவைவரை அம்மலையில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஓடியாடியவர். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தார். இல்லத்தைச் சுற்றி வருகையில் தோலின் நிறமாற்றங்களைக் காக்ரேன் காட்டிக்கொண்டே போக, பிராண்டின் கண்ணோ மடங்கிய விரல்களிலேயே நின்றது. இக்கைகள் ஏன் இப்படியாயின என்று வினவினார். அதை ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் எலும்பு மருத்துவராகிய நீரே என்பது காக்ரேனின் விடை. தோலுக்கும் கண்ணுக்கும் வல்லுநர் இருந்த காலத்தில் கைக்கென ஒருவரும் இல்லை. பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, இயன்றமட்டும் அழுத்தச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி உயிர் போயிற்று. நிறுத்து என்று அலற வேண்டியதாயிற்று. அழுத்தியவருக்கோ தாம் நோவு தருகிறோம் என்பதே தெரியவில்லை.

அக்கைகுலுக்கலில் இரு செய்திகள் அடங்கியிருந்தன. முதலாவது, செயலற்றதாகத் தோன்றிய கையில் வலிமை இருக்கிறது. இந்நோயின் நுண்ணுயிர் குளிர்ச்சியை விரும்புவது; உடலின் 37 பாகை வெப்பம் அதற்கு மிகுதி. ஆகவே தோலை ஒட்டி நரம்பு ஓடும் இடங்களில் தங்குகிறது. முழங்கையின் உட்புற எலும்பின் பின்னே, இடித்தால் மின்னல் பாய்வதுபோல் விண்ணென்று தெறிக்குமே, அந்த அல்நார் நரம்பு அதற்கு உகந்த இடம். அது கெட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் சோர்ந்து இரு விரல்கள் மடங்கும். முன்கையின் பெருந்தசைகள் பலவற்றை ஏவும் நரம்புகள் ஆழத்தில் இருப்பதால் அவை பிழைத்திருக்கின்றன. அவ்வாறு பிழைத்திருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்கு மாற்றிக் கட்டினால் என்ன என்று பிராண்ட் எண்ணினார். 1948 முதல் வேலூரில் இவ்வறுவைகள் நடந்தன.

இரண்டாவது செய்தி இன்னும் ஆழமானது. இந்நோயாளரின் முழங்காலின் கீழே சுத்தியலால் தட்டினால் கால் வழக்கம்போல் உதறும். ஆழத்து நரம்பு கெடாமையால் அவ்வனிச்சைச் செயல் நிலைத்திருக்கிறது. ஆனால் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்ட விரல் விலகாது. தண்டுவடம் இருக்கிறது, தசை இருக்கிறது. செய்தி கொண்டுவருவோர் இல்லை. விரல்கள் குறைவதற்குக் காரணம் அழுகல் என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்டும் உடன் பணியாற்றியவரும் காயங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்து, தீ, ஆணி, செருப்பின் உராய்வு, புண்ணோடு ஓயாத உழைப்பு ஆகியவையே காரணம் எனக் கண்டனர். அறுவைக்குப்பின் வேலூரில் தங்கியிருந்தோரின் விரல்கள் ஓரிரவில் குறைந்து போனதைப் பற்றி 1993இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியிருக்கிறார். இரவில் விழித்திருந்து பார்த்தால் எலி தின்றுகொண்டிருந்தது. உறங்கியவர் புரளக்கூட இல்லை. பிறகு வீடு திரும்புவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனையும் கொடுத்தனுப்பினராம். படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கவிதையில் உதிரவிட்ட விரல்கள் நினைவுக்கு வந்தன.

கண்ணுக்கும் இதே கதைதான். தூசி விழுமுன் இமை மூடுவதும் அனிச்சைச் செயலே. முக நரம்பு கெட்டால் இமை மூடாது, கண் வறண்டு பார்வை போகும். இதனைத் தடுக்கும் அறுவையில் பிராண்டின் மனைவி, கண் மருத்துவர் மார்கரெட் பிராண்ட், பெரும்பணி செய்தார்.

1955இல் திருமணி இல்லத்தை நடுவண் அரசு ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது; ஆறு அல்லது பன்னிரண்டு திங்களில் நோய் தீர்கிறது. நரம்பு கெடுமுன் கொடுத்தால் விரலும் தப்புகிறது; கெட்ட நரம்பை மருந்து மீட்பதில்லை. நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் ஓர் இலட்சத்தை ஒட்டிய புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான். இந்நோயை மணவிலக்குக்குக் காரணமாக்கிய விதிகள் 2019இல் நீங்கின. சட்டத்திலிருந்து போன சொல் நம் கவியரங்குகளிலிருந்து இன்னும் போகவில்லை. சென்ற ஆண்டுக் கூட்டங்களில் மட்டும் இருமுறை கேட்டேன். நீரிழிவால் பாதம் மரத்துப்போன அன்பர்கள் நம் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் நேர்ந்திருப்பது உணர்ச்சி நரம்பின் இழப்பே. அவர்களை எவரும் உருவகமாக்குவதில்லை.

முதியவரைப் பின்னர்ப் பலமுறை சந்தித்தேன். தேநீர்க் கோப்பையைத் துணி சுற்றித்தான் எடுப்பார். திருமணியில் கற்றுக்கொடுத்தபடி, இரவில் படுக்குமுன் விளக்கடியில் அமர்ந்து இரு கைகளையும் பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம், பகலில் எங்கேனும் சுட்டிருக்கிறதா, கிழித்திருக்கிறதா என்று. அதற்குக் கால்மணி நேரம் ஆகுமாம்.