மார்கழியில் திரும்பும் சூரியன்

பட்டர்வொர்த் கடைகளில் பொங்கல் கரும்பும் மண்பானையும் வந்து இறங்குவதற்கு முன்பே நம் சீன அண்டை வீட்டார் தங்கள் சூரியத் திருநாளை முடித்திருப்பார்கள். டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் 'தாங் சே' அது. முந்தின இரவு வீடே கூடி உட்கார்ந்து புலுட் அரிசி மாவைப் பிசைந்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக உருண்டை பிடிக்கும். இஞ்சியும் பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சிய பாகில் அவற்றை இட்டு, முன்னோருக்குப் படைத்த பிறகே வாயில் வைப்பார்கள். அதை உண்டால் ஒரு வயது கூடும் என்பது அவர்கள் வழக்கு.

தெற்கே போய்க்கொண்டிருந்த சூரியன் வடக்கே திரும்பும் நாள் அது. நம் உத்தராயணமும் அதுவேதான். பிறகு ஏன் நாம் ஜனவரி 14 வரை காத்திருக்கிறோம்?

நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கிறது. சூரியன் மகர ராசியில் புகும் நாளே தை முதல் நாள். பூமியின் அச்சோ பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. அதனால் சூரியன் திரும்பும் நாள் ராசிக் கணக்கைவிட்டு 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னே நகர்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாயிருந்தன. இன்று 24 நாள் இடைவெளி. முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். அயனம் தொடங்கும் இடம் பழைய நூல்கள் சொன்னதிலிருந்து மாறிவிட்டதை 6ஆம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் எழுதிவைத்தார். சீன நாட்காட்டி சூரியனின் திருப்பத்தையே பிடித்துக்கொண்டதால் அவர்கள் நாள் நகரவில்லை.

உத்தராயணம் பிறந்தால் தேவர்களுக்குப் பகல்; அதனால் அவர்களின் இரவு விடியும் வேளை என்று மார்கழியைச் சொல்கிறோம். வானக் கணக்கில் மார்கழி 6, 7ஆம் நாளிலேயே விடிந்துவிடுகிறது.

பினாங்கில் சூரியனின் இந்தத் திருப்பம் கண்ணுக்கு எளிதில் படாது. சென்னையில் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். இங்கே 40 நிமிடம்கூட இல்லை. ஆனால் நிழல் காட்டிக்கொடுக்கும். டிசம்பர் 21 அன்று மதியம் 1.15 மணியை ஒட்டித் திடலில் ஒரு கம்பை நட்டால் நிழல் வடக்கே விழும். ஜூன் 21இல் அதே கம்பின் நிழல் தெற்கே விழும்.

இந்த மண்ணில் தை நமக்கு அறுவடை மாதமும் அன்று. செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர்க் காட்டுக்கும் வந்த நம் பாட்டன் பூட்டனுக்குச் சொந்தமாக ஒரு காணி வயல் கிடையாது. இருந்தும் லயத்து வாசலில் பானை வைத்தார்கள். சொந்த வயலும் குளிரும் இல்லாத ஊரில் அவர்கள் கும்பிட எஞ்சியிருந்தது சூரியன் மட்டுமே. இதைவிடத் தூய பொங்கலை நான் அறியேன்.

தை முதல் நாளை மாற்ற வேண்டியதில்லை; அது நெடுங்காலக் கணக்கின் சாட்சி. கோயில் நாட்காட்டிகளில் டிசம்பர் 21க்கும் ஒரு வரி வேண்டும் என்பதே என் கோரிக்கை. அன்று பிள்ளைகள் அந்தக் கம்பை நட்டு நிழலைக் கோடிடட்டும். தை முதல் நாள் அதே நேரத்தில் மறுபடி கோடிட்டால், நிழல் குறைந்திருப்பதை அவர்களே பார்ப்பார்கள்.