ஒரு வெண்கலச் சிலையும் மூன்று வார இணையப் போரும்



ஐரோப்பா வரைபடத்தின் வடகிழக்கு ஓரம், பால்டிக் கடற்கரையில் எஸ்டோனியா என்றொரு சின்ன நாடு இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 13 லட்சம். கிழக்கே ரஷ்யா. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1940-இல் சோவியத் ஒன்றியம் எஸ்டோனியாவைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜெர்மனி வந்தது. 1944-இல் ஜெர்மானியரை விரட்டிவிட்டு மறுபடியும் சோவியத் படை வந்தது. 1949 மார்ச்சில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இன்னொரு பக்கம், ஆலை வேலைகளுக்காக ரஷ்ய மொழி பேசும் மக்கள் ஏராளமாக வந்து குடியேறினார்கள். 1991-இல் நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றபோது, அவர்களில் லட்சக்கணக்கானோருக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை. மொழித் தேர்வில் தேறித்தான் பெற வேண்டும் என்றது சட்டம். இந்தப் புண்ணை நினைவில் வையுங்கள்.

1996-இல் அதிபர் லென்னார்ட் மேரி ‘புலிப் பாய்ச்சல்’ என்ற திட்டத்தை அறிவித்தார். 12 வயதில் குடும்பத்தோடு சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கணினி, இணையம், கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அப்போதைய கல்வி அமைச்சர் யாக் ஆவிக்சோ, ஓர் இயற்பியல் அறிஞர். இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள். 2002-இல் சிப் பதித்த அடையாள அட்டை வந்தது. 2005-இல், நாடு முழுவதும் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இணையம் வழியாக வாக்களித்தார்கள். உலகில் அதுவே முதல்முறை. வங்கி, வரி எல்லாமே வலைக்குள் வந்துவிட்டன.

தலைநகர் தாலினின் நடுவில், 1947-இல் சோவியத் அரசு நிறுவிய வெண்கலப் போர்வீரன் சிலை ஒன்று நின்றது. ரஷ்ய மொழி பேசுவோருக்கு அது ஹிட்லரிடமிருந்து மீட்டவர்களின் நினைவு. எஸ்டோனியருக்கோ, அரை நூற்றாண்டு அடிமைத்தனத்தின் அடையாளம். 2007 ஏப்ரல் 27 அதிகாலையில் அரசு அதைப் பெயர்த்து, ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியது. சிலையையும் அருகிலிருந்த கல்லறைகளையும் அழித்துவிட்டார்கள் என்று ரஷ்ய மொழி ஊடகங்களில் பொய்ச் செய்தி பரவியது. இரண்டு இரவுகள் கலவரம். ஓர் உயிர் போனது.

அதோடு வலையிலும் தாக்குதல் தொடங்கியது. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் என எல்லா இணையதளங்களும் திணறின. எப்படி? ரேஷன் கடை வரிசையில், எதுவும் வாங்க வராத ஆயிரம் பேர் வந்து நின்றால் அரிசி வாங்க வந்தவர் என்ன ஆவார்? அதே வேலைதான். உலகின் பல மூலைகளில் இருந்த கணினிகள், அவற்றின் சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் வரிசையில் வந்து நின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் இணைப்புகளைத் துண்டித்துத்தான் பல இடங்களில் சமாளித்தார்கள். மே 9, ரஷ்யாவின் வெற்றி நாளை ஒட்டித் தாக்குதல் உச்சத்துக்குப் போனது. ஏறக்குறைய மூன்று வாரம் நீடித்தது.

போர் என்றால் தேதி, தளபதி, உடன்படிக்கை என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன் அல்லவா? இந்தப் போருக்குத் தளபதி யாரென்றே எழுத முடியாது. ரஷ்ய அரசு தனக்குச் சம்பந்தமில்லை என்றது. அன்று எஸ்டோனியாவின் பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவந்த அதே ஆவிக்சோ! பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எஸ்டோனியா பயந்து பழைய காகிதக் கோப்புகளுக்குத் திரும்பவில்லை. 2008-இல் நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் தாலினில் அமைந்தது. 2017-இல் லக்சம்பர்க்குடன் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாட்டின் முக்கியப் பதிவேடுகளின் நகல் அங்கே, தூதரகத்துக்கு உரிய பாதுகாப்போடு இருக்கும். மண் பறிபோனாலும் அரசு பிழைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம். 1940-ஐப் பார்த்த நாட்டுக்குத்தான் அப்படித் தோன்றும்.

வலையை மூன்று வாரத்தில் மீட்டுவிட்டார்கள். ஆனால் ஒரே சிலைக்கு இரண்டு வரலாறு சொல்லும் சமூகம்? ரஷ்ய மொழிப் பள்ளிகளைப் படிப்படியாக எஸ்டோனிய மொழிக்கு மாற்றும் வேலை 2024-இல்தான் தொடங்கியது. பொது மொழி வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்தக் குழந்தையின் தாத்தா போரில் செத்த கதையை வகுப்பறை எப்படிச் சொல்லப்போகிறது? என் கவலை அங்கேதான். அந்தக் குழந்தையும் ‘இது என் நாடு’ என்று நினைத்தால்தான் பொய்ச் செய்தி அங்கே எடுபடாது. அதைச் செய்ய எந்த மென்பொருளாலும் முடியாது, ஓர் ஆசிரியரால் முடியும்.

உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.