பத்தொன்பது வோல்ட்

பீளமேட்டில் அப்பாவின் லேத் பட்டறைக்கு நான்கு பழைய சோலார் பேனல்கள் வந்தன. சாயங்காலம், நல்ல மேகமூட்டம். விற்க வந்தவர் மல்டிமீட்டரை மாட்டிக் காட்டினார். “பாருங்ணா, மேகம் மூடியிருக்கைலயே பத்தொம்பது வோல்ட்டு வருதுங். வெயில்ல கேக்கவே வேண்டாமுங்.” அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஆட்களுக்குக் கூலி போட வைத்திருந்த பணம்.

மீட்டர் காட்டியது சரிதான். வோல்ட் என்றால் வெளிச்சத்தின் அளவு என்று நாங்கள் நினைத்ததுதான் தப்பு. இந்தக் குழப்பத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு.

உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் வெளியேறும். ஒளியைக் கூட்டினால் அவை இன்னும் வேகமாகப் பாயும் என்றுதான் அன்றைக்கு எதிர்பார்த்தார்கள். 1902-ல் பிலிப் லெனார்ட் அளந்தபோது எண்ணிக்கைதான் கூடியது, வேகம் கூடவில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது நிறம் என்று 1905-ல் ஐன்ஸ்டைன் விளக்கினார்: நீல ஒளியின் ஒவ்வொரு பொட்டலத்திலும் சிவப்பைவிட ஆற்றல் அதிகம். (இதே லெனார்ட்தான் பின்னாளில் நாஜிகள் பக்கம் நின்று ஐன்ஸ்டைனைத் தூற்றினார்.)

உலோகத்தை விட்டுக் குறைகடத்திக்கு வந்தால் நம்மூர்க் கதை ஒன்று இருக்கிறது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தெரியாத ரேடியோ அலையையும் ஒரே கருவியில் உணர்ந்தார். 1901-ல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் கிடைத்தது. காப்புரிமையில் அவருக்கே பெரிய ஆர்வம் இல்லை. 1954-ல் பெல் ஆய்வகத்தில் சிலிக்கான் சோலார் செல்லைச் செய்த மூவரில் ஒருவர் ஜெரால்ட் பியர்சன். அவரும் பிராட்டெய்னும் 1955-ல் எழுதிய குறைகடத்தி வரலாற்றில், ரேடியோ அலையை உணரப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று பதிவு செய்தார்கள்.

சிலிக்கானில் நிறத்தின் வேலை கொஞ்சம் வேறு. சுமார் 1,100 நானோமீட்டரைத் தாண்டிய அகச்சிவப்பு எவ்வளவு கொட்டினாலும் பிரயோஜனமில்லை. அதற்குள் வரும் எந்த நிறமும் எலெக்ட்ரானைக் கிளப்பும். நீலத்தின் உபரி ஆற்றல் வோல்ட்டாக மாறாது, சூடாகிவிடும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கரண்டும் பத்தில் ஒரு பங்காகிவிடும். வோல்டேஜோ ஒரு செல்லுக்குச் சுமார் 0.06 வோல்ட்தான் இறங்கும். 36 செல் பேனலில் அது இரண்டு வோல்ட் சொச்சம். 21 இருந்த இடத்தில் 19.

அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நானே அளந்தேன். சிவப்பு ஜிகினாத் தாளைப் போர்த்தினேன், அப்புறம் நீலம். வோல்ட் பெரிதாக அசையவில்லை. பேனல் கொதிக்கக் கொதிக்கத்தான் மெல்ல இறங்கியது, ஒரு டிகிரிக்கு ஒரு செல்லில் இரண்டு மில்லிவோல்ட் கணக்கில். பிறகு மீட்டரை ஆம்பியருக்கு மாற்றினேன். ஆறு வரவேண்டிய பேனலில் ஒன்றரைகூட இல்லை. மற்ற மூன்றும் அப்படியே.

அப்பா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கே இப்புடி மாத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா கண்ணு?”

“அன்னிக்கு வெயில் இல்லீங்ப்பா.”

ஒரு பேனல் இப்போது பட்டறை வாசலில் ஒரு எல்இடி விளக்கை எரிக்கிறது. மற்றவற்றின் மேல் அம்மா மிளகாய் காயப்போடுகிறார்.