பவுண்டன் ஹவுஸ்

பவுண்டன் ஹவுஸ் (நீரூற்று இல்லம்) என்பது கடுமையான மனநோய்களிலிருந்து மீண்டு வருவோருக்காக அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இயங்கும் ஒரு மன்றம் ஆகும். இது 1948 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, கடும் மனச்சோர்வு போன்ற நோய்களுக்கு உள்ளானவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகவும் சேர்ந்து வேலை செய்யவும் இங்கு கூடுகின்றனர். அவர்கள் நோயாளிகள் என்றல்லாமல் உறுப்பினர்கள் என்றே அழைக்கப்படுகின்றனர். உலகின் பல நாடுகளில் "கிளப்ஹவுஸ்" என்ற பெயரில் இயங்கும் மனநல மன்றங்களுக்கு இதுவே முன்மாதிரி ஆகும்.

தோற்றம்

1940களில் நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்ட் மாநில மருத்துவமனையில் தங்கியிருந்த நோயர் சிலர் தமக்குள் ஒரு குழுவாகக் கூடி வந்தனர். மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின்னரும் நகரில் சந்திப்பைத் தொடர்ந்தனர். கூடுவதற்கெனத் தனி இடம் இல்லாத தொடக்க நாட்களில் நியூயார்க் பொது நூலகத்தின் படிக்கட்டுகளில் சந்தித்தனர் என்று கூறப்படுகிறது. "நாம் தனியாக இல்லை" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைக் குழுவின் பெயராக வைத்தனர். அதன் முதலெழுத்துகளால் அது "வானா" எனப்பட்டது.

மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்று தெரிந்தால் வேலையோ வாடகை வீடோ கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. பிறரிடம் பழகும்போது அந்த ஆண்டுகளை மறைக்க வேண்டியிருந்தது. தம்மைப் போன்றோரிடம் அவ்வாறு மறைக்கத் தேவை இல்லை என்பதே இக்குழுவின் வலிமையாக இருந்தது எனலாம்.

1948 இல் தன்னார்வலர்களின் உதவியுடன் மேற்கு 47 ஆம் தெருவில் ஒரு வீடு வாங்கப்பட்டது. அதன் முற்றத்தில் இருந்த நீரூற்றே பெயருக்குக் காரணம். 1955 இல் சமூகப்பணியாளர் ஜான் பியர்டு இயக்குநரானார். அவ்வாண்டில் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். புதிய மருந்துகளின் வரவாலும் அரசின் கொள்கை மாற்றத்தாலும் பின்னர் இத்தொகை வேகமாகக் குறைந்தது. வெளியேறியவர்களில் பலருக்குச் செல்ல இடம் இருக்கவில்லை.

செயற்பாடு

மன்றத்தின் நாள் வேலையைச் சுற்றி அமைக்கப்பட்டுள்ளது. மதிய உணவு சமைத்தல், வரவேற்பு, கணக்கு, செய்திமடல் போன்றவற்றை உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்து செய்கின்றனர். வட்டமாக அமர்ந்து நோயைப் பற்றிப் பேசும் குழுச் சிகிச்சையிலிருந்து இது வேறுபட்டது. நண்பர்களாகுங்கள் என்று எவருக்கும் கட்டளையிட இயலாது. ஆனால் இருவரை ஒரே மேசையில் காய்கறி நறுக்க அமர்த்த இயலும்.

உறுப்பினர்களின் பங்களிப்பு இன்றி வேலை முடியாத அளவிற்கு ஊழியர் எண்ணிக்கை வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது. உறுப்பினர்களுக்கு மட்டும், ஊழியர்களுக்கு மட்டும் என அறைகள் ஒதுக்கப்படுவதில்லை. உறுப்புரிமைக்குக் கால எல்லை கிடையாது; நோய் திரும்பி மருத்துவமனைக்குச் சென்றவரும் மீண்டும் வரலாம். ஒருவர் சில நாட்கள் வராவிடின் பிற உறுப்பினர்களோ ஊழியர்களோ அவரைத் தொடர்புகொண்டு நலம் விசாரிப்பர். தனிமையில் ஒதுங்குதல் இந்நோய்களில் பரவலாகக் காணப்படுவதால், இவ்வழக்கம் மன்றத்தின் மிக முக்கியமான பணிகளுள் ஒன்று எனக் கருத இடமுண்டு.

வெளி நிறுவனங்களில் தற்காலிகப் பகுதிநேர வேலைகளையும் மன்றம் பெற்றுத் தருகிறது. அவ்வேலைக்குச் சென்றவர் வர இயலாத நாளில் மன்றத்திலிருந்து வேறொருவர் சென்று அதை முடிப்பார்.

விமர்சனம்

முன்னாள் நோயர் இயக்கத்தைச் சேர்ந்த ஜூடி சேம்பர்லின் 1978 இல் வெளியிட்ட நூலில், நோயர் தாமே நடத்தும் அமைப்புகளே மேலானவை என வாதிட்டார். ஊழியர்கள் சம்பளம் பெறும் இடத்தில் உறுப்பினருடன் உண்மையான சமத்துவம் அமையுமா என்பது இன்னும் தீராத கேள்வி. நோயைப் பகிர்ந்தோரின் நட்பு மட்டும் போதுமா, அது வெளி உலகிலிருந்து விலக்கிவிடாதா என்றும் கேட்கப்படுவதுண்டு.

பரவல்

தெற்காசியாவில் 1971 இல் பாக்கித்தானின் லாகூர் நகரில் இதே பெயரில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. மன்றங்களுக்கான பன்னாட்டு அமைப்பு 1994 இல் உருவானது. இவ்வமைப்புக்கும் பவுண்டன் ஹவுசுக்கும் சேர்த்து 2014 ஆம் ஆண்டுக்கான ஹில்டன் மனிதநேயப் பரிசு வழங்கப்பட்டது.