மால்குடியும் மைசூரும்: புனைநிலத்தின் மெய்யிடங்கள்

முன்னுரை

புனைகதையில் வரும் ஊரை நிலப்படத்தில் தேடுவது வாசகர் இயல்பு. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ கும்பகோணத்தை அதன் சொந்தப் பெயராலேயே சுட்டுவதால், அந்நாவலை உளங்கொண்டு அவ்வூர்த் தெருக்களில் நடப்பவர்க்குத் தேடல் எளிதாகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண் (1906–2001) படைத்த மால்குடி அத்தகையதன்று. அதனைத் தேடி மைசூருக்கு வருவோர் அங்குக் காணத்தக்கது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மால்குடியின் தோற்றம்

நாராயண் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். தந்தை மைசூரில் தலைமையாசிரியராகப் பணியேற்றதனால் அந்நகருக்குச் சென்று, மகாராஜா கல்லூரியில் பயின்று 1930இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே பெங்களூரில் பாட்டி குறித்துத் தந்த நல்ல நாளில் முதல் நாவலைத் தொடங்கியபோது, ஒரு சிறு தொடர்வண்டி நிலையத்துடன் மால்குடி தம் மனக்கண்ணில் தோன்றியதாகத் தன்வரலாறான ‘மை டேஸ்’ (1974) நூலில் அவர் குறிப்பிடுகிறார். அந்நாவலே 1935இல் வெளிவந்த ‘சுவாமியும் நண்பர்களும்’. அதில் இடம்பெறும் மிஷன் பள்ளியின் சமய வகுப்பு, அவர் புரசைவாக்கத்து லுத்தரன் மிஷன் பள்ளியில் பட்டறிந்ததாகும். மால்குடியின் உயிரோட்டமான சரயு போன்ற ஆறு மைசூர் நகருள் இல்லை. காவிரி வடக்கே சீரங்கப்பட்டணத்தையும், கபினி தெற்கே நஞ்சன்கூட்டையும் ஒட்டி ஓடுகின்றன. எனவே, மைசூரே மால்குடி என்னும் கருத்து முழுமையாகப் பொருந்துவதன்று.

மைசூர் வழங்கியவை

மைசூர் நாராயணுக்கு வழங்கியது ஊரின் அமைப்பைக் காட்டிலும் நிகழ்வுகளையும் மாந்தரையுமே எனலாம். 1939இல் மனைவி ராஜம் நச்சுக்காய்ச்சலால் மறைந்த துயரம் ‘ஆங்கில ஆசிரியர்’ (1945) நாவலாயிற்று. 1941இல் அவர் தொடங்கிய ‘இந்தியன் தாட்’ இதழை அச்சிட்ட மைசூர் அச்சகத்தார், ‘மிஸ்டர் சம்பத்’ (1949) நாவலின் தலைமை மாந்தருக்கு முன்மாதிரியானார். மைசூரில் கடும் வறட்சி நேர்ந்தபோது அந்தணர் சிலர் நோன்பிருந்து நீரில் நின்று மழை வேண்டிய நிகழ்ச்சி, சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கைடு’ (1958) நாவலுக்கு வித்திட்டது. அந்நாவல் எழுதப்பட்ட இடமோ அமெரிக்காவின் பெர்க்கிலி நகரம்.

தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இங்கு நினைக்கத்தக்கது. அகமரபில் நிலம் என்பது ஒரு குறிப்பிட்ட ஊரன்று. உரிப்பொருளுக்கு இயைய அமைவது. மால்குடியும் அவ்வாறே பல ஊர்களின் கூறுகளால் இயன்ற நிலமாகும்.

யாதவகிரி இல்லம்

இந்நிலையில், மைசூரில் ஐயத்திற்கு இடமின்றிச் சுட்டத்தக்கது யாதவகிரியில் நாராயண் கட்டிய வீடு. அதன் மாடியில் எட்டுச் சாளரங்கள் கொண்ட எழுத்தறையைத் தாமே வடிவமைத்து, அங்கிருந்து சாமுண்டி மலைக்கோயிலும் தொடர்வண்டிகளும் தெரிந்ததை அவர் பதிவுசெய்துள்ளார். அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்து மறைந்தபின், 2011இல் அவ்வீட்டை இடிக்கும் பணி தொடங்கியது. எழுத்தாளரும் வாசகரும் எதிர்க்குரல் எழுப்பியதனால் அது நிறுத்தப்பட்டது. பின்னர் மாநகராட்சியின் பொறுப்பில் சீரமைக்கப்பட்டு, 2016இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இதற்கு மாறாக, சிவமொக்கா மாவட்டத்தின் அரசாளு தொடர்வண்டி நிலையம் 1980களில் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக் களமாக விளங்கியது. அங்கு 2020இல் மால்குடி பெயரால் அருங்காட்சியகம் அமைந்தது. படத்தில் கண்ட ஊரையே கதையின் ஊராக மக்கள் ஏற்றுக்கொள்வதற்கு இது சான்று.

முடிவுரை

மால்குடி மைசூரில் இல்லை. அதனைப் படைத்தவரின் வாழ்வும் உழைப்பும் அங்கே உள்ளன. மால்குடியை அதன் நூல்கள் காக்கும். எழுதிய அறையைக் காக்க வேறு வழியில்லை. இடிபாட்டின் விளிம்பிலிருந்து மீண்ட யாதவகிரி இல்லம் உணர்த்துவது இதுவே. தமிழ் எழுத்தாளர்தம் இல்லங்களைக் கணக்கெடுத்துக் காக்கும் முயற்சிக்கும் இது வழிகாட்டும்.